கண் கெட்ட பிறகா?

"எனக்கென்ன கேடு? அட்டையிலே கடைசி வரி வரைக்கும் படித்தேன். ‘பார்வை சரி’ என்று எழுதியே கொடுத்துவிட்டார் டாக்டர்!"

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இப்படிச் சொன்னவர், அம்பத்தூர்ப் பக்கம் ஓர் ஆலையிலே கடைசல் இயந்திரம் ஓட்டுபவர். ஓட்டியவர் என்று எழுத வேண்டியதாகிவிட்டது இப்போது! இருபத்தாறு ஆண்டுக் கை அது. வெர்னியரை எடுத்துப் பிடித்தாரானால், கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே மயிரிழை பிசகு இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரை உண்டு; மாத்திரை மறந்த நாளும் உண்டு. ஆண்டுக்கொரு முறை ஆலையிலே மருத்துவச் சோதனை நடக்கும். சுவரிலே தொங்கும் எழுத்து அட்டையைக் காட்டுவார்கள், இவர் படிப்பார், அவர்கள் கையெழுத்திடுவார்கள், தீர்ந்தது வேலை! அந்த ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். அதே அட்டைதான் எத்தனையோ ஆலைகளிலே தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஒருநாள் இரவு ஷிப்டு முடித்து வந்து, காலையிலே பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, வலது கண்ணெதிரே கருநூல் ஒன்று ஆடிற்று. கொசு என்றெண்ணிக் கையால் விரட்டினார். போகவில்லை. நண்பகலுக்குள் ஒரு நூல் பத்து நூலாயிற்று, பிறகு புகையாயிற்று, பொழுது சாய்வதற்குள் திரையே விழுந்துவிட்டது. வலித்ததா? இல்லை. சிவந்ததா? இல்லை. நீர் வடிந்ததா? அதுவும் இல்லை!

வீட்டிலே திருடன் புகுந்தால் நாய் குரைக்கும். பல்லிலே பூச்சி அரித்தால் வலி கூப்பிடும். வயிற்றிலே புண் வந்தால் எரிச்சல் எழுப்பும். சர்க்கரை நோய் கண்ணுக்குள்ளே நடத்துகிற கொள்ளைக்கு மட்டும் குரைக்க ஒரு நாய் கிடையாது. ஆண்டுக்கணக்கிலே அரிக்கும், அரிக்கப்படுபவனுக்குத் தெரியாது. தெரிகிற நாளிலே, பெரும்பாலும், பாதி வீடு காலியாகியிருக்கும்.

இதைப் பற்றித் தலையங்கமா என்று கேட்கும் தோழர்கள் இருக்கக்கூடும். ஆம், தலையங்கம்தான்! கூலியிலே காலணா குறைந்தால் கொதித்தெழுகிறோம். போனஸைப் பிடித்தால் வாயிற்கூட்டம் போடுகிறோம். கூலியைச் சம்பாதிக்கும் கண்ணே களவு போகும்போது வாளாவிருப்பது எந்தக் கணக்கிலே சேரும்?

உள்ளே நடப்பது என்ன என்பதை முதலிலே பார்ப்போம். விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரிலே ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு. சினிமாக் கொட்டகையிலே வெள்ளைத் திரை எப்படியோ, அப்படி. கருவிழியும் வில்லையும் முன்னாலிருந்து ஒளியைச் செலுத்துகின்றன. படம் விழுவது பின்னாலிருக்கும் இந்தத் திரையிலே. சுவரிலே தொங்கும் எழுத்து அட்டையைப் படிக்கும்போது வேலை செய்வது, இந்தத் திரையின் நட்டநடுவே உள்ள ஒரு சிறு புள்ளிதான். திரையின் நாலு மூலையையும் கரையான் தின்றுகொண்டிருந்தாலும், நடுப்புள்ளி நன்றாக இருக்கும்வரை அட்டையைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிடலாம்! நம் கடைசல் தோழர் படித்ததும் அப்படித்தான். டாக்டர் பொய் எழுதவில்லை. தோழரும் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விதான் தப்பான கேள்வி.

அந்தத் திரைக்கு உணவும் உயிர்வளியும் கொண்டுபோகும் நுண்குழாய்கள், தலைமுடியிலே ஏறக்குறைய பத்திலொரு பங்கு பருமனே உடையவை. ஒவ்வொரு குழாயையும் சுற்றிக் கட்டிப் பிடித்துக்கொண்டு காவல் அணுக்கள் இருக்கின்றன. இரத்தத்திலே சர்க்கரை மிகுந்து ஆண்டுகள் பல ஓடும்போது, முதலிலே சாவது இந்தக் காவலர்கள். 1961இலே அமெரிக்காவிலே கோகன், குவாபரா முதலியோர் இறந்தவர்களின் விழித்திரையை எடுத்து ஆராய்ந்து இதைக் காட்டினார்கள். காவல் போன இடத்திலே குழாய் புடைக்கிறது. சைக்கிள் வைத்திருப்போருக்கு இதை விளக்கவே வேண்டாம்: டயர் நைந்த இடத்திலே ட்யூப் பிதுங்கி நிற்குமே, அதுதான்! மருத்துவர் விழித்திரையைப் பார்க்கும்போது சிவப்புக் கடுகு போலத் தெரிவது இந்தப் புடைப்புகள்தாம். புடைத்த இடம் கசிகிறது. நீர் கசிந்து திரை வீங்குகிறது. கொழுப்புக் கசிந்து மஞ்சள் மஞ்சளாகப் படிகிறது. வீக்கம் நடுப்புள்ளியிலே வந்துவிட்டால் எழுத்து குழம்பும், முகம் குழம்பும், வெர்னியரின் கோடு இரண்டாகும்.

கசிவது ஒரு பக்கம். அடைப்பது மறு பக்கம். குழாய் அடைபட்ட பகுதியிலே திரை பட்டினி கிடக்கிறது. பட்டினி கிடப்பவன் வாய்மூடிக் கிடப்பானா? கூவுகிறது! ஒரு வேதிப்பொருளைச் சுரந்து, "குழாய் வேண்டும், குழாய் வேண்டும்" என்று கூவுகிறது. இப்படி ஒரு பொருள் இருக்கத்தான் வேண்டும் என்று 1948இலேயே மைக்கேல்சன் என்ற கண் மருத்துவர் ஊகித்தார். 1994இலே நோயாளிகளின் கண்ணுக்குள் இருக்கும் நீரை எடுத்து அதை அளந்தே காட்டினார்கள். வி.ஈ.ஜி.எப். என்பது அதன் சுருக்கப் பெயர். கூவலைக் கேட்டுப் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. புதுக் குழாய் வந்தால் நல்லதுதானே என்பீர்கள். அல்ல! கமிஷன் அடித்த காண்ட்ராக்டர் போட்ட குழாய் அவை. போட்ட அன்றே விரிசல்! தும்மினாலும் உடையலாம், தூங்கும்போதும் உடையலாம். உடைந்தால் கண்ணின் நடுவே இருக்கும் பளிங்கு போன்ற கூழிலே இரத்தம் கலக்கிறது. கருநூல், புகை, திரை எல்லாம் அந்த இரத்தம்தான். பிறகு அங்கே தழும்பு கட்டி, தழும்பு சுருங்கி, விழித்திரையையே சுவரிலிருந்து பிய்த்து இழுக்கிறது. அந்தக் கட்டத்திலே கத்தி எடுக்க வேண்டும். எடுத்தும் முன்போல் வராது.

கத்தி வைக்காமல், அறுக்காமல், மனிதனின் இரத்தக் குழாயை உயிரோடு நேரிலே பார்க்கக்கூடிய அரிய இடம் உடம்பிலே இது. 1851இலே ஜெர்மன் நாட்டு ஹெல்ம்ஹோல்ட்ஸ், கண்ணுக்குள்ளே ஒளி செலுத்திப் பார்க்கும் கருவியை உலகுக்கு அறிவித்தார். சில ஆண்டுகளுக்குள்ளேயே வியன்னாவிலே யேகர் என்பவர் சர்க்கரை நோயாளியின் விழித்திரையிலே மாற்றத்தைக் கண்டு எழுதினார். நம் சென்னையிலே 1819இலேயே கண்ணுக்கென்று தனி மருத்துவமனை வந்துவிட்டது. எழும்பூரிலே இன்றும் நிற்கிறது. ஆக, பார்க்கக் கருவி இல்லை என்றோ, பார்க்க இடமில்லை என்றோ சொல்வதற்கில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கதவு திறந்தே கிடக்கிறது. எட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை!

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்பார்கள். அந்தச் சூரியனைப் பற்றியே ஒரு செய்தி கேளுங்கள். 1945 ஜூலை 9இலே ஐரோப்பாவிலே சூரிய கிரகணம். வெறுங்கண்ணால் அதைப் பார்த்து விழித்திரையைச் சுட்டுக்கொண்டு வந்தவரை, மேயர்-ஷ்விக்கராத் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் பரிசோதித்தார். மற்றவர் "ஐயோ பாவம்" என்று அனுப்பியிருப்பார்கள். இவரோ, சூரியன் சுட்ட இடத்திலே உண்டான வடுவைக் கண்டு சிந்தித்தார்: ஒளியாலே திரையைச் சுடமுடியும் என்றால், வேண்டிய இடத்திலே வேண்டிய அளவிலே நாமே சுட்டு நோயைத் தடுக்கலாமே! முதலிலே சூரிய ஒளியையே கண்ணாடி வைத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு விளக்கொளிக்கு வந்தார். 1960இலே லேசர் பிறந்தது, வேலை எளிதாயிற்று. பட்டினி கிடந்து கூவும் ஓரப்பகுதிகளை லேசரால் புள்ளிபுள்ளியாகச் சுட்டுவிட்டால் கூவல் அடங்குகிறது; கோணல் குழாய்கள் வாடுகின்றன. முற்றிய நிலையிலிருந்த கண்களிலே பார்வை பெரிதும் பறிபோவதை லேசர் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று 1976இலே அமெரிக்காவிலே நடந்த பெரிய ஆய்வு மெய்ப்பித்தது. கிரகணத்தைக் கண்டு குளித்தவர்கள் உண்டு, கதவைச் சாத்தியவர்கள் உண்டு. கிரகணத்திலிருந்து சிகிச்சையைக் கண்டெடுத்தவர் அவர்!

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். லேசர், இருக்கும் பார்வையைக் காக்கும். போன பார்வையைக் கொண்டுவராது. நடுப்புள்ளி வீக்கத்துக்கு இப்போது கண்ணுக்குள்ளேயே போடும் ஊசிகள் இருக்கின்றன. அந்தக் கூவலின் வாயை அடைக்கும் மருந்துகள் அவை. பலருக்குப் பார்வை சற்றுத் திரும்பவும் செய்கிறது. விலையோ சிலவற்றுக்கு ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கும். பெவாசிசுமாப் என்ற மருந்து, புற்றுநோய்க்கென்று 2004இலே அமெரிக்காவிலே அனுமதி பெற்றது. அதன் குப்பியைச் சிறு ஊசிகளாகப் பகிர்ந்து கண்ணுக்குப் போடும்போது செலவு வெகுவாகக் குறைகிறது. விலை கூடிய இரண்டு மருந்துகளோடு இதை வைத்து ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2015இலே வெளிவந்தது. முடிவு என்ன தெரியுமா? பார்வை சிறிதே குறைந்த நிலையிலே வந்தவர்களுக்கு மூன்று மருந்தும் ஒன்றுதான்! பார்வை மிகக் குறைந்து வந்தவர்களுக்கே, முதலாண்டிலே, விலை உயர்ந்த அஃபிலிபர்செப்ட் மேலாக இருந்தது.

இதை ஏழை இருமுறை படிக்க வேண்டும். விரைந்து போனவனுக்கு மலிவு மருந்தே போதும். தாமதித்தவனுக்குத்தான் விலை உயர்ந்த மருந்து தேவைப்படுகிறது. பணக்காரன் தாமதித்தால் பணம் போகும். நாம் தாமதித்தால் கண் போகும்.

விரைந்து போவது எப்படி? வலியில்லை, அறிகுறியில்லை, எதைக் கண்டு போவது? எதையும் கண்டு போக வேண்டாம். நாளைக் கண்டு போக வேண்டும். பெரியவர்களுக்கு வரும் வகைச் சர்க்கரை என்றால், கண்டுபிடித்த உடனேயே ஒரு முறை, பிறகு ஆண்டுதோறும். ஏனெனில் கண்டுபிடிக்கும் முன்பே அது பல ஆண்டுகள் ஒளிந்திருந்து வேலை பார்த்திருக்கும். சிறுவயதிலே வந்து இன்சுலினாலே வாழ்பவர்களுக்கு, நோய் வந்து ஐந்தாண்டுக்குள் தொடங்கலாம். முன்பே சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதத்திலேயே பார்த்தாக வேண்டும். கருக்காலத்திலே இந்த நோய் விரைவாக ஓடும். சொட்டுமருந்து விட்டுக் கண்பாவையை விரித்து உள்ளே பார்ப்பார்கள். அல்லது விழித்திரையைப் படமெடுப்பார்கள். கண்ணாடிக் கடையிலே எழுத்துப் படிப்பது இதிலே சேராது. நம் தோழர் இரண்டாண்டிலே இருமுறை கண்ணாடி மாற்றினார்; இருமுறையும் கடைக்காரர் நல்ல பிரேமைத்தான் காட்டினார்!

இங்கிலாந்திலே என்ன செய்தார்கள் தெரியுமா? 2003 தொடங்கி நாடு முழுதும் ஒரு திட்டம் விரித்தார்கள். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட சர்க்கரை நோயாளி ஒவ்வொருவருக்கும் கடிதம் போகும்: இன்ன நாள், இன்ன இடம், வந்து விழித்திரையைப் படமெடுத்துக்கொள். காசு கிடையாது. வராதவருக்கு மீண்டும் கடிதம். பலன்? அங்கேயும் வேல்ஸிலும், உழைக்கும் வயதினர் பார்வையிழப்பதற்கு முதற்காரணமாகக் குறைந்தது ஐம்பதாண்டு காலம் அரியணையிலே அமர்ந்திருந்த இந்த நோய், 2010ஆம் ஆண்டளவிலே அந்த இடத்திலிருந்து இறங்கிற்று. சாலை போட்டார்கள் என்றால் கண்ணுக்குத் தெரியும், பாலம் கட்டினார்கள் என்றால் கல்வெட்டு வைக்கலாம். குருடாகாமல் இருப்பவனுக்கு யார் கல்வெட்டு வைப்பது? அதனாலேயே இத்தகைய வேலை அரசுகளின் கண்ணிலே எளிதில் படுவதில்லை போலும்.

நம் நாட்டுக் கணக்கைப் பாருங்கள். 2023இலே வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, சர்க்கரை நோயாளிகள் 10 கோடிப் பேருக்கு மேல் என்றது. நாற்பது வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகளிலே நூற்றுக்கு 12 பேருக்குச் சற்று அதிகமாக விழித்திரையிலே கோளாறு, 4 பேருக்குப் பார்வையையே பறிக்கும் கட்டம் என்று 2022இலே வெளியான மற்றோர் ஆய்வு சொன்னது. நூற்றுக்கு நாலு என்றால் சிறிய எண் போலத் தோன்றும். கோடிக்கு நாலு இலட்சம் என்று சொல்லிப் பாருங்கள், நெஞ்சு திடுக்கிடும்!

கருவி இல்லையா? இருக்கிறது. கைக்கடக்கமான படக்கருவிகளே வந்துவிட்டன. படித்துச் சொல்ல மருத்துவர் போதவில்லையா? விழித்திரைப் படத்தை இயந்திரமே படித்து நோயைக் கண்டறியும் என்று 2016இலே கூகுள் நிறுவனத்தார் அறிவித்தார்கள். அந்த இயந்திரம் யார் கண்ணைப் பார்த்துப் பாடம் கற்றது? அமெரிக்கப் படங்களோடு, மதுரையிலே பிறந்த அரவிந்த் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூர் நாராயண நேத்ராலயா ஆகிய இடங்களின் நோயாளிகளுடைய படங்களும் சேர்ந்துதான் அதற்கு ஆசானாயின. நம்மவர் கண்ணைப் பார்த்து அறிவு பெற்ற இயந்திரம், நம் ஊர் ஆரம்பச் சுகாதார நிலையத்திலே வந்து உட்கார வேண்டாமா? 2021 ஆகஸ்டிலே தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்", சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே எடுத்துச் சென்றது. மாத்திரை போகும் வழியிலே படக்கருவியும் போகலாம்.

சொட்டுமருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், அருகே உள்ளது மங்கும். வண்டி ஓட்டக்கூடாது, இயந்திரத்தருகே போகக்கூடாது. அதாவது அரைநாள் கூலி போயிற்று! தினக்கூலிக்காரனைப் பார்த்து, "ஆண்டுக்கொரு முறை கண்ணைச் சோதித்துக்கொள்" என்று உபதேசம் செய்வோர் இந்த அரைநாளைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஆகவே நம் கோரிக்கை: சர்க்கரை உள்ள தொழிலாளிக்கு ஆண்டுக்கொரு நாள் கண் சோதனைக்காகச் சம்பளத்தோடு விடுப்பு. ஆலையிலே ஆண்டுச் சோதனை என்றால் அட்டையோடு நிற்காமல் விழித்திரைப் படமும். தொழிற்சங்கத் தோழர்கள் அடுத்த ஒப்பந்தப் பேச்சிலே இதை எழுதிக்கொண்டு போகட்டும். முதலாளி சிரித்தால், இருபத்தாறு ஆண்டுக் கை ஒன்றைப் புதிதாகப் பழக்க எத்தனை ஆண்டு ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டட்டும்.

நம் மீதும் குற்றம் உண்டு, மறைப்பானேன்? பிறந்தநாள் என்றால் கண் சிகிச்சை முகாம் நடத்துகிறோம். பந்தல், பதாகை, மாலை, மைக்! புரை பார்க்கிறோம், கண்ணாடி கொடுக்கிறோம், கொடுக்கும்போது படமெடுத்துக்கொள்கிறோம். நல்ல பணிதான், குறைசொல்லவில்லை. ஆனால் அந்த வரிசையிலே நிற்பவரிடம், "உங்களுக்குச் சர்க்கரை உண்டா? கண்ணுக்குள்ளே கடைசியாக எப்போது பார்த்தார்கள்?" என்று கேட்டதுண்டா? படிப்பகத்திலே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, வட்டத்திலே சர்க்கரை உள்ளவர் பெயரும் கண் பார்த்த தேதியும் எழுதி வைக்கக் கிளைத் தோழர்களால் முடியாதா? வாக்காளர் பட்டியலை வீடுவீடாகச் சரிபார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு வேலையா!

கோயிலிலே வெள்ளிக் கண்மலர் வாங்கிச் சாத்தும் தாய்மாரை இங்கே கேலி செய்யப் போவதில்லை. அது அவர்கள் நெஞ்சின் தவிப்பு. சாத்திவிட்டு மறுநாள் மருத்துவமனைக்கும் போகட்டும். பத்தே நாளிலே சர்க்கரையை ஓட்டுகிறேன், மாத்திரையைத் தூக்கி எறி என்று சுவரிலே விளம்பரம் எழுதுகிறானே, அவனைத்தான் விடக்கூடாது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண் பிழைக்கும் என்பது ஊகமல்ல. இன்சுலினாலே வாழ்வோரிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தி 1993இலே வெளியிட்ட ஆய்விலே, கண்டிப்பான கட்டுப்பாடு, விழித்திரை நோய் புதிதாகத் தோன்றுவதை நூற்றுக்கு 76 பங்கு குறைத்தது. இரத்த அழுத்தத்தையும் அடக்கினால், இருக்கும் நோய் முற்றுவது மூன்றிலொரு பங்கு குறைகிறது என்று 1998இலே இங்கிலாந்து ஆய்வு காட்டிற்று. பீடி பிடிப்போருக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா? ஓர் எச்சரிக்கை மட்டும்: நெடுநாள் ஏறிக்கிடந்த சர்க்கரையை மளமளவென்று இறக்கும்போது, முன்பே கெட்டிருக்கும் கண் சிலருக்குத் தொடக்கத்திலே சற்று மோசமாகும். ஆகவே, இறக்கும் முன்னே கண்ணைப் பார்த்துக்கொள்வது நலம்.

நம் கடைசல் தோழருக்கு வலக்கண்ணிலே அறுவை நடந்தது. வெளிச்சமும் ஆள் உருவமும் தெரிகின்றன. இடக்கண்ணுக்கு நல்ல வேளையாக லேசர் முந்திக்கொண்டது. தெருவிலே தனியாக நடக்கிறார். வெர்னியர் படிக்க முடியாது. காலையிலே தேநீர்க் கடைப் பெஞ்சிலே அமர்ந்து, யாராவது ஏடு படிக்கக் கேட்டுக்கொண்டிருப்பார், இதையும் கேட்பார்.

அவர் மகனுக்கு வயது முப்பத்திரண்டு. அதே வட்டாரத்திலே வேறோர் ஆலையிலே வேலை. சென்ற மாதம் இரத்தம் சோதித்தார்கள், சர்க்கரை இருக்கிறது. கண்ணுக்கு வரும் வியாழக்கிழமை நாள் குறித்திருக்கிறோம். அரைநாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். மேலாளரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.